குன்றின்மேல் ஒரு பள்ளி

நுழையும்முன்

ஒரு வகுப்பறையில் இடம் கிடைப்பதும், அந்த வகுப்பறை தன்னுடையது என்று ஒரு குழந்தைக்குத் தோன்றுவதும் ஒன்றல்ல. பல நாட்டினர், பல மொழியினர், பல நிறத்தினர் கூடிக் கற்கும் பன்னாட்டுப் பள்ளிகளில் இவ்வேறுபாடு வெளிப்படையாகத் தெரிகிறது. ஆப்பிரிக்காவில் ஒன்று, ஐரோப்பாவில் ஒன்று என இரு பள்ளிகளின் வரலாற்றைத் துணைகொண்டு அவ்வேறுபாட்டை ஆராய்கிறது இப்பாடம்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

தென்னாப்பிரிக்காவை ஒட்டி, மலைகளுக்கு நடுவே சுவாசிலாந்து என்னும் சிறிய நாடு உள்ளது. 2018ஆம் ஆண்டுமுதல் அதன் பெயர் எசுவாத்தினி. அந்நாட்டின் தலைநகரான ம்பாபனேக்கு அருகில் உள்ள குன்றொன்றில் 1963ஆம் ஆண்டு வாட்டர்ஃபோர்டு என்னும் உறைவிடப் பள்ளி திறக்கப்பட்டது. முதலாண்டில் சேர்ந்தவர்கள் 16 சிறுவர்கள். அவர்கள் வெவ்வேறு இனங்களைச் சேர்ந்தவர்கள். ஒரே விடுதியில் உறங்கினர். ஒரே பந்தியில் உண்டனர். ஒரே வகுப்பில் படித்தனர். செய்தி இவ்வளவுதான். இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். எல்லைக்கு அந்தப் பக்கம், தென்னாப்பிரிக்காவில், அவர்களை இப்படி ஒன்றாக வாழவும் படிக்கவும் சட்டம் விட்டிருக்காது.

1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி இனஒதுக்கலைத் தென்னாப்பிரிக்க அரசின் கொள்கையாக்கியது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொரு மனிதரையும் ஓர் இனத்தின்கீழ்ப் பதிவு செய்தது. எங்கே குடியிருக்கலாம், யாரை மணக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம் என்பனவற்றை அந்தப் பதிவே முடிவு செய்தது. 1860ஆம் ஆண்டு சென்னையிலிருந்து கப்பலேறி டர்பன் துறைமுகத்தில் இறங்கி, நேட்டால் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்த தமிழரின் வழித்தோன்றல்களும் அப்பதிவேட்டில் தனிப்பிரிவாக ஒதுக்கப்பட்டனர்.

பள்ளிக்கூடங்கள் எப்படித் தப்பும்? 1953இல் இயற்றப்பட்ட பாண்டு கல்விச் சட்டம் கறுப்பினக் குழந்தைகளின் கல்வியைத் தனியே பிரித்து அரசின் பிடிக்குள் கொண்டுவந்தது. வெள்ளையரிடம் உழைப்பதற்கு எவ்வளவு படிப்புத் தேவையோ அவ்வளவே அவர்களுக்குப் போதும் என்பது அச்சட்டத்தின் உட்கிடை. அதனை வகுத்தவர்கள் இதை மறைக்கவும் முயலவில்லை.

ஜோகன்னஸ்பர்க் நகரின் ரோசட்டன்வில் பகுதியில் புனித பீட்டர் பள்ளி என்று ஒன்று இருந்தது. கறுப்பின மாணவர்களுக்கு உயர்ந்த கல்வியை அளித்துவந்த பள்ளி அது. விடுதலைப் போராட்டத் தலைவர் ஆலிவர் டாம்போ அங்கேதான் படித்தார். பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். புதிய சட்டத்திற்கு உட்பட்டுத் தரம் தாழ்ந்த கல்வியைக் கற்பிப்பதைவிடப் பள்ளியை மூடுவதே மேல் என்று அதனை நடத்திய துறவியர் முடிவு செய்தனர். 1956இல் பள்ளி மூடப்பட்டது. அதே வளாகத்தில் வெள்ளையர் குழந்தைகளுக்காக வேறொரு பள்ளி தொடங்கியது. கட்டடங்கள் மாறவில்லை, அவற்றுள் நுழைய உரிமை பெற்றவர்கள் மாறியிருந்தனர்.

அப்புதிய பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தவர் மைக்கேல் ஸ்டெர்ன் என்னும் ஆங்கிலேயர். யாரை வெளியேற்றிவிட்டு யாருக்குப் பாடம் நடத்துகிறோம் என்பதை அவர் அறிந்திருந்தார். எல்லா இனக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளியைத் தென்னாப்பிரிக்காவுக்குள் நடத்த இயலாது. எனவே எல்லையைத் தாண்டி நடத்துவது என்று துணிந்தார். நண்பர்களிடமும் நல்லெண்ணம் கொண்ட வணிகர்களிடமும் பொருள் திரட்டினார். ஜோகன்னஸ்பர்க்கைச் சேர்ந்த கிறிஸ்டோபர் நியூட்டன் தாம்சன் ஆட்சிக்குழுவுக்குத் தலைமை ஏற்றார். அண்டை நாடான மொசாம்பிக்கில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் பான்ச்சோ கெடெஸ் கட்டடங்களை வடிவமைத்தார். சுவாசிலாந்து அப்போது பிரித்தானியரின் பாதுகாப்பில் இருந்தது. அங்கே இனஒதுக்கல் சட்டம் இல்லை. ஆயினும் வெள்ளையருக்குத் தனிப்பள்ளி, ஆப்பிரிக்கருக்குத் தனிப்பள்ளி என்னும் வழக்கம் அங்கும் இருந்தது. ஆகவே அந்த 16 பேர் கூடிய வகுப்பறை அந்த மண்ணுக்கும் புதிது.

நெல்சன் மண்டேலா ராபன் தீவுச் சிறையில் இருந்த காலத்தில் அவருடைய மகள்கள் செனானியும் சிண்ட்சியும் ஜோகன்னஸ்பர்க் பள்ளிகளில் நிலைத்துப் படிக்க இயலவில்லை. அவர்களைச் சேர்த்துக்கொண்ட பள்ளிகளைக் காவல்துறை மிரட்டியது. பள்ளிகள் அவர்களை வெளியே அனுப்பின. ஒரு குழந்தை தன் தந்தையின் பெயரை மறைத்தால்தான் படிக்க முடியும் என்றால், அப்பள்ளியின் கதவு திறந்திருந்து என்ன பயன்? இறுதியில் அவ்விருவரும் சுவாசிலாந்து சென்று வாட்டர்ஃபோர்டில் படித்தனர். அங்கே அவர்கள் தந்தையின் பெயரை மறைக்க வேண்டியிருக்கவில்லை.

விருந்தினரும் வீட்டாரும்

பன்னாட்டுப் பள்ளிகளைப் பற்றிப் பேசுவோர் இன்று மூன்று சொற்களை அடிக்கடி ஆள்கின்றனர். ஒன்று பன்மை, அதாவது பலவகைப்பட்டோர் ஓரிடத்தில் இருத்தல். இரண்டாவது உள்ளடக்கம், எவரையும் விலக்காமல் சேர்த்துக்கொள்ளுதல். மூன்றாவதற்குப் பழந்தமிழிலேயே ஒரு சொல் உண்டு. தம்மவரைத் 'தமர்' என்றும், நம்மவரை 'நமர்' என்றும், உம்மவரை 'நுமர்' என்றும் கூறினர் முன்னோர். தொடர்பற்ற அயலாரை 'ஏதிலார்' என்றனர். நாடிழந்து வருவோரை இன்று 'ஏதிலியர்' என்கிறோமே, அச்சொல் இதன் வழிவந்ததே. ஏதிலார் தமராகும் நிலையே அந்த மூன்றாவது. இதனைத் 'தமராதல்' என்று இப்பாடத்தில் குறிப்போம்.

முதல் இரண்டையும் எண்ணிக்கையால் அளந்துவிடலாம். எத்தனை நாட்டு மாணவர்கள், எத்தனை மொழிகள், எத்தனை பேருக்கு உதவித்தொகை என்று பள்ளியின் விளக்கக் கையேட்டில் அச்சிட்டுவிடலாம். மூன்றாவதை அப்படி அளக்க இயலாது. அதனை விளங்கிக்கொள்ள நம் வீடுகளில் நடப்பதையே பார்க்கலாம். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் அவருக்குத்தான் முதல் இலை, முதல் பரிமாறல். அவருக்குக் குறை வைப்பதில்லை. ஆனால், அவர் அடுக்களைக்குள் வந்து உலைப்பானையைத் திறந்து பார்ப்பதில்லை. உப்புக் குறைவு என்று சொல்வதில்லை. உண்ட இலையை எடுக்க முனைந்தால் நாம் விடுவதும் இல்லை. வீட்டாருக்கு இந்த உபசரிப்பு எதுவும் கிடையாது. அவர் குறை சொல்லலாம். சமையலை மாற்றச் சொல்லலாம். வேலையும் செய்ய வேண்டும்.

பல பள்ளிகள் அயல்நாட்டுக் குழந்தைகளை விருந்தினராக வைத்திருப்பதோடு நின்றுவிடுகின்றன. ஆண்டுக்கு ஒருநாள் 'பன்னாட்டு விழா' நடைபெறும். அன்று ஒவ்வொரு குழந்தையும் தன் நாட்டு உடையை அணிந்து, தன் நாட்டுப் பண்டத்தைக் கொண்டுவந்து, கொடியேந்தி நடக்கும். அனைவரும் சுவைத்துப் பாராட்டுவர். விழாவைக் குறைகூறுவது நம் நோக்கமன்று, குழந்தைகள் மகிழ்கின்றனர். ஆனால், மறுநாள் காலை அதே பண்டத்தை மதிய உணவுக்குக் கொண்டுவந்த குழந்தையைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டால், முந்தைய நாளின் கைத்தட்டலுக்கு என்ன பொருள்?

நடுவில் இருப்பது யாருடைய நாடு?

வாட்டர்ஃபோர்டுக்கு ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்கு முன்பே, சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் பன்னாட்டுப் பள்ளி ஒன்று பிறந்திருந்தது. முதல் உலகப்போருக்குப்பின் பன்னாட்டுச் சங்கமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் அந்நகரில் இயங்கத் தொடங்கின. பல நாடுகளிலிருந்து அலுவலர்கள் குடும்பத்துடன் வந்தனர். அவர்களுடைய குழந்தைகள் எங்கே படிப்பது? 1924ஆம் ஆண்டு அந்த அலுவலர்களும், அடால்ஃப் ஃபெரியேர் உள்ளிட்ட சுவிஸ் கல்வியாளர்களும் சேர்ந்து ஒரு பள்ளியைத் தொடங்கினர். முதலில் சேர்ந்தவர்கள் எட்டுப் பேர். 1926இல் நேரு தம் துணைவியார் கமலாவின் மருத்துவத்திற்காக ஜெனீவாவில் தங்கியபோது, அவர்களுடைய மகள் இந்திரா இப்பள்ளியில் சிறிது காலம் பயின்றார்.

1929முதல் இருபதாண்டுகள் அப்பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் மரி தெரேஸ் மொரெட் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. அமைதிக்கான கல்வி குறித்து 1948இல் யுனெஸ்கோவுக்காக அவர் ஓர் அறிக்கை எழுதினார். புவியியல் பாடத்தைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது. உங்கள் வகுப்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் உலகப்படத்தை நினைத்துப் பாருங்கள். அதன் நடுவில் ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் இருக்கும். நியூசிலாந்து வலப்புறக் கீழ்மூலையில் ஒதுங்கியிருக்கும். பசிபிக் பெருங்கடலின் தீவொன்றில் பிறந்த குழந்தை தன் கடலை எப்போதும் இரு துண்டுகளாகவே காணும். உருண்டையான உலகை எந்த இடத்தில் வெட்டி விரித்தாலும் அது உலகப்படமே. ஆகவே வெவ்வேறு இடங்களை நடுவாகக் கொண்ட படங்களைக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது மொரெட்டின் எண்ணம். வரலாற்றையும் ஒரு நாட்டின் வெற்றி தோல்விகளாகச் சொல்லாமல் உலகினர் அனைவரின் கதையாகச் சொல்ல வேண்டும் என்று அவர் கருதினார்.

நமக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால், சுவரில் உள்ள படம் மாறும்போது மாறுவது பள்ளி. அதுவரை குழந்தையே பள்ளிக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டிருந்தது.

அப்பள்ளியின் இன்னொரு சிறப்பு, ஆங்கிலமும் பிரெஞ்சும் அங்கே இணையாக வழங்கியமை. இரு மொழிப் பள்ளியில் நிகழும் ஒரு நன்மையை ஆசிரியர்களாகிய நாங்கள் நன்கு அறிவோம். ஒரு பாடவேளையில் சொல் கிடைக்காமல் தடுமாறும் மாணவர், அடுத்த பாடவேளையில் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல் எடுத்துக் கொடுக்கிறார். எப்போதும் உதவி பெறுகிறவராகவே ஒருவரும் இருப்பதில்லை. முன்னர்ச் சொன்ன விருந்தினர் வீட்டாராகும் இடம் இதுதான்.

ஜெனீவாப் பள்ளிக்கும் ஒரு வரம்பு இருந்தது. அது பெரும்பாலும் அலுவலர்களின் பிள்ளைகளுக்கான பள்ளி. பல நாட்டுக் குழந்தைகள் அங்கே கூடினர். பலவகைப் பொருளாதார நிலையினர் கூடினர் என்று சொல்வதற்கில்லை. இக்குறை இன்றைய பன்னாட்டுப் பள்ளிகள் பலவற்றுக்கும் பொருந்தும். நம் நகரங்களின் புறவழிச்சாலைகளில் 'இன்டர்நேஷனல் ஸ்கூல்' என்னும் பெயர்ப்பலகைகளை எண்ணிக்கொண்டே போகலாம். அவற்றுள் சிலவற்றில் அயல்நாட்டு மாணவர் ஒருவர்கூட இருப்பதில்லை. பன்னாட்டுத் தரத்தில் இருப்பது கட்டணம் மட்டுமே. உண்மையாகவே பல நாட்டவர் பயிலும் பள்ளிகளில்கூட வெளிநாட்டு ஆசிரியருக்கு ஓர் ஊதியம், அதே பாடத்தை நடத்தும் உள்ளூர் ஆசிரியருக்கு வேறோர் ஊதியம் என்னும் நடைமுறை பல இடங்களில் உண்டு. சமத்துவம் பற்றிய பாடத்தைக் குழந்தைகள் நூலில் படிப்பதைவிட இவற்றைப் பார்த்தே விரைவாகக் கற்றுக்கொள்கின்றனர்.

| தெரிந்து தெளிவோம் |
ஐக்கிய நாடுகள் அவை 1989 நவம்பர் 20 அன்று குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றது. அதன் 29ஆம் பிரிவு, குழந்தையின் பெற்றோர், அதன் பண்பாட்டு அடையாளம், மொழி, விழுமியங்கள் ஆகியவற்றின்மீதும், அது வாழும் நாட்டின் விழுமியங்கள், வேறுபட்ட நாகரிகங்கள் ஆகியவற்றின்மீதும் மதிப்பை வளர்ப்பது கல்வியின் நோக்கங்களுள் ஒன்று என்கிறது. இந்தியா 1992இல் இவ்வுடன்படிக்கையில் இணைந்தது.

பெயரைச் சரியாக அழைத்தல்

கயல்விழி என்னும் மாணவியை எண்ணிக்கொள்ளுங்கள். தந்தையின் பெயர் இளங்கோவன். நம் பள்ளி வருகைப்பதிவேட்டில் அவள் இ. கயல்விழி. அவளுடைய குடும்பம் வேறு நாட்டுக்குப் பெயர்கிறது. அங்குள்ள படிவம் குடும்பப் பெயரைக் கேட்கிறது. தமிழர்களுள் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தந்தையின் பெயர் அவ்விடத்தில் எழுதப்படுகிறது. பள்ளி திறந்த முதல்நாள் ஆசிரியர் அவளை 'இளங்கோவன்' என்று அழைக்கிறார். தந்தையின் பெயரைச் சொல்லி அழைத்தால் நம் ஊர்ப் பள்ளிகளில் சண்டையே மூண்டுவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் எழுந்து விளக்க முயல்கிறாள். தன் உண்மைப் பெயரைச் சொல்கிறாள். அப்பெயரின் 'ழ'கரம் ஆசிரியரின் நாவில் ஏறவில்லை. "சுருக்கமாக 'கே' என்று அழைக்கட்டுமா?" என்று அவர் அன்போடு கேட்கிறார். அவளும் தலையாட்டுகிறாள்.

இங்கே எவரும் எவரையும் இழிவு செய்யவில்லை. ஆசிரியர் நல்லவர், மாணவி பணிவானவள். எனினும் ஒரு வாரத்துக்குள் அவள் தன் பெயரையும் தந்தையின் பெயரையும் ஒருசேர இழந்துவிட்டாள். பன்னாட்டுப் பள்ளிகளில் பயிலும் குழந்தைகளின் இடர்களுள் பெரும்பகுதி இத்தகையவையே. சட்டத்தின் கொடுமையாக இருந்தால் எதிர்த்துப் போராடலாம். நல்லெண்ணத்தால் நேரும் இழப்பை எப்படி எதிர்ப்பது? அந்த ஆசிரியர் செய்திருக்க வேண்டியது மிக எளியது. மாணவியிடமே கேட்டு, நான்கைந்து நாள் பழகி, வகுப்பு முழுவதையும் அப்பெயரை ஒலிக்கச் செய்திருக்கலாம். 'ழ'கரம் நம்மிற் பலர்க்கே எளிதில் வருவதில்லை என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்வோம்.

வாட்டர்ஃபோர்டு வரலாற்றிலும் பெயர் பற்றிய நிகழ்வு ஒன்று உண்டு. நிறுவியவர் ஆங்கிலேயர், பள்ளியின் பெயர் ஆங்கிலப் பெயர், பயிற்றுமொழி ஆங்கிலம். சுவாசி மக்களின் நிலத்தில் அது ஒருவகையில் விருந்தினர் இல்லமாகவே இருந்தது. 1967ஆம் ஆண்டு அந்நாட்டு அரசர் இரண்டாம் சோபூசா அப்பள்ளிக்குக் 'காம்லாபா' என்னும் சுவாசி மொழிப் பெயரைச் சூட்டினார். மண்ணுக்குரியது, உலகுக்குரியது என்பது அதன் பொருள். இனம், சமயம் என்னும் வேறுபாடின்றி நாம் அனைவரும் இம்மண்ணுக்குரியவர்கள் என்பது அதன் கருத்து. அதுமுதல் பள்ளியின் பெயர் வாட்டர்ஃபோர்டு காம்லாபா. அடுத்த ஆண்டு, 1968 செப்டம்பரில், அந்நாடு விடுதலை பெற்றது. குழந்தைகளுக்குப் பெயரிட்டு ஏற்றுக்கொள்வது போல, அந்த மண் அப்பள்ளிக்குப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டது.

மொழி என்னும் வாயில்

1976 ஜூன் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த சொவெட்டோவில் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினர். கணக்கு, சமூக அறிவியல் முதலிய பாடங்களை ஆட்சியாளரின் மொழியாகிய ஆப்பிரிக்கான்ஸ் வாயிலாகவே கற்க வேண்டும் என்னும் ஆணையை எதிர்த்த ஊர்வலம் அது. காவல்துறை சுட்டது. மாண்டோருள் 12 வயதுச் சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனும் ஒருவன். அச்சிறுவனைத் தூக்கிக்கொண்டு இளைஞர் ஒருவர் ஓடும் ஒளிப்படம் உலகெங்கும் பரவியது. எந்த மொழியில் படிப்பது என்பது பாடத்திட்டக் குழுவின் அறைக்குள் முடிந்துவிடும் செய்தியன்று என்பதை உலகம் அன்று கண்டது.

பன்னாட்டுப் பள்ளிகளில் துப்பாக்கி இல்லை. ஆனால், சுவரில் 'ஆங்கிலத்தில் மட்டும் பேசுக' என்னும் அட்டை தொங்குவதுண்டு. பொதுமொழி ஒன்று இல்லாமல் பல நாட்டினர் சேர்ந்து கற்க முடியாது என்பது உண்மையே. அம்மொழியை விரைவாகக் கற்பிப்பது பள்ளியின் கடமை. ஆனால், உணவு இடைவேளையில் தன் மொழிக்காரர் ஒருவரோடு நான்கு சொல் பேசியதற்காகத் தண்டிக்கப்படும் குழந்தை, தன் வீட்டு மொழியைக் குற்றமாகக் கருதத் தொடங்கும். சில ஆண்டுகளில் பாட்டியோடு தொலைபேசியில் பேசச் சொன்னால் அது தயங்கி நிற்கும்.

இதற்கு மாற்றாக ஒரு நல்ல ஏற்பாடும் உண்டு. ஜெனீவாவில் 1968இல் தோன்றிய 'இன்டர்நேஷனல் பாக்கலோரியட்' என்னும் தேர்வு முறை, பள்ளியில் தம் தாய்மொழிக்கு ஆசிரியர் இல்லாத நிலையிலும், மாணவர் அம்மொழி இலக்கியத்தைத் தாமே பயின்று தேர்வெழுத வழிவகுக்கிறது. பயிற்றுமொழியில் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கும் ஒரு மாணவர், தம் மொழிக் கவிதை ஒன்றை ஆராய்ந்து எழுதும்போது முதன்முறையாகத் தம் முழு அறிவையும் காட்டுகிறார். அவரை மந்தமானவர் என்று எண்ணியிருந்த ஆசிரியர் தம் கருத்தை மாற்றிக்கொள்கிறார். ஒரு மாணவரின் அறிவையும் அவர் பயிற்றுமொழியில் பேசும் திறனையும் ஒன்றாக எண்ணுவது எங்கள் தொழிலின் பழைய பிழை.

"உன் ஊர் எது?"

பெற்றோரின் பணி காரணமாக மூன்றாண்டுக்கு ஒரு நாடு என்று மாறிக்கொண்டே வளரும் பிள்ளைகள் உள்ளனர். 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ரூத் ஹில் யூசிம், இத்தகையோரை 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்றார். பெற்றோரின் பண்பாடு ஒன்று. வாழும் நாட்டின் பண்பாடு மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே இவர்கள் தமக்குள் உருவாக்கிக்கொள்ளும் வாழ்முறை மூன்றாவது. இவர்களிடம் "உன் ஊர் எது?" என்று கேட்டால் விடை சொல்ல நேரம் எடுத்துக்கொள்வர். பிறந்த ஊரா, பாட்டி வாழும் ஊரா, இப்போது படிக்கும் ஊரா? நட்புக் கொள்வதில் வல்லவர்கள். அதே வேளையில் பிரிவு வரும் என்று அறிந்தே பழகுபவர்கள். ஆகவே நல்ல பன்னாட்டுப் பள்ளிகள் புதிதாக வருவோரை வரவேற்பதற்குக் காட்டும் அக்கறையை, விடைபெற்றுச் செல்வோரை வழியனுப்புவதற்கும் காட்டுகின்றன. வழியனுப்பத் தெரியாத வீட்டுக்கு எவரும் மீண்டும் கடிதம் எழுதுவதில்லை.

மீண்டும் குன்றுக்கு

ஜெர்மானியக் கல்வியாளர் குர்ட் ஹானின் முயற்சியால் 1962இல் வேல்ஸ் நாட்டில் தொடங்கிய கல்லூரி, பின்னர் 'ஐக்கிய உலகக் கல்லூரிகள்' என்னும் இயக்கமாக வளர்ந்தது. வாட்டர்ஃபோர்டு காம்லாபா 1981இல் அவ்வியக்கத்தில் இணைந்தது. நம் நாட்டில் புனே நகருக்கு அருகில் 1997இல் தொடங்கப்பட்ட மகிந்திரா கல்லூரியும் அவ்வியக்கத்தைச் சேர்ந்ததே. இக்கல்லூரிகளுக்கான மாணவர்களில் பெரும்பகுதியினரை அந்தந்த நாட்டிலுள்ள குழுக்களே தெரிவு செய்கின்றன. பலருக்கு உதவித்தொகை உண்டு. மண்டேலா பிற்காலத்தில் அவ்வியக்கத்தின் மதிப்புறு தலைவராக விளங்கினார்.

இப்பள்ளிகளில் பாடத்தோடு தொண்டும் கட்டாயம். வாட்டர்ஃபோர்டு மாணவர்கள் மருத்துவமனைகளிலும் சுற்றுப்புற ஊர்களிலும் பணியாற்றினர். மொசாம்பிக்கின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி சுவாசிலாந்துக்கு வந்த ஏதிலியரின் முகாமிலும் பணிசெய்தனர். தொண்டு என்பதை ஏழைகளுக்கு இரங்கும் செயலாக மட்டும் நாம் எண்ணிவிடக் கூடாது. குன்றின்மேல் இருக்கும் பள்ளிக்கு எப்போதும் ஒரு தீங்கு காத்திருக்கிறது. பல நாட்டு மாணவரும் தமக்குள் ஒன்றாகி, கீழே உள்ள ஊருக்கு அயலாராகிவிடலாம். ஜப்பானிய மாணவியும் நார்வே மாணவரும் உற்ற நண்பராயிருக்க, இருவருக்குமே பள்ளி வாயிலில் காய்கறி விற்கும் பெண்மணியின் பெயர் தெரியாமல் போகலாம். அந்தத் தீங்கைத் தடுக்கவே குன்றிலிருந்து இறங்கும் பாதை தேவைப்படுகிறது.

1991இல் தென்னாப்பிரிக்காவின் மக்கள் பதிவுச் சட்டம் நீக்கப்பட்டது. 1994 ஏப்ரலில் எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் நடைபெற்றது. மண்டேலா குடியரசுத் தலைவரானார். ஒரே வகுப்பில் சேர்ந்து படிப்பதற்காக ஒரு குழந்தை இனி எல்லை தாண்ட வேண்டியதில்லை. எந்த அநீதியை எதிர்த்து அப்பள்ளி எழுந்ததோ, அந்த அநீதி சட்டப்புத்தகத்திலிருந்து போய்விட்டது. அப்படியானால் பள்ளியின் பணியும் முடிந்ததா?

எசுவாத்தினி நாடு எய்ட்ஸ் நோயால் உலகிலேயே மிகுதியாகத் தாக்குண்ட நாடுகளுள் ஒன்று. பெற்றோரை இழந்த பிள்ளைகள் அங்கே ஏராளம். நாடிழந்த பிள்ளைகளோ உலகெங்கும் பெருகிவருகின்றனர். 1963இல் அப்பள்ளி எதிர்கொண்டது குழந்தைகளை இனத்தால் பிரிக்கும் சட்டத்தை.  இன்று வாயிலில் நிற்கும் பிள்ளைகள் சிலருக்குப் பெற்றோரும் இல்லை, போய்ச்சேர ஒரு வீடும் இல்லை. விடுமுறை விட்டதும் எல்லாரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்படும் நாளில், அப்பிள்ளைகள் எங்கே செல்வது என்பதையும் பள்ளியே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பில் உள்ளோர் வீட்டில் பேசும் மொழிகள் எத்தனை என்பதைக் கேட்டறிந்து, 'நன்றி' என்பதை அம்மொழிகளில் எவ்வாறு கூறுவர் எனத் தொகுக்க.
2. பசிபிக் பெருங்கடல் நடுவில் அமையுமாறு ஓர் உலகப்படம் வரைந்து, வகுப்பறையில் உள்ள படத்தோடு ஒப்பிட்டு உரையாடுக.

குறுவினா
1. புனித பீட்டர் பள்ளி மூடப்பட்டதற்கான காரணத்தைக் கூறுக.
2. 'காம்லாபா' – பெயர்ப்பொருளை விளக்குக.

சிறுவினா
1. விருந்தினர், வீட்டார் என்னும் ஒப்புமை வழியாகக் கட்டுரையாசிரியர் உணர்த்துவது யாது?
2. 'தமர்', 'ஏதிலார்' ஆகிய சொற்களை இன்றைய வாழ்வோடு பொருத்திக் காட்டுக.

நெடுவினா
பள்ளிக்கு ஏற்பக் குழந்தை மாறுதல், குழந்தைக்கு ஏற்பப் பள்ளி மாறுதல் – இவ்விரண்டில் உங்கள் பள்ளியில் நிகழ்வது எது? பாடக்கருத்துகளோடும் நீங்கள் கண்ட நிகழ்வோடும் பொருத்தி எழுதுக.